பரிசுக்கு வந்த கொலைகள்

கொலைக் கதைகளை முதல் ஆளாகப் படிக்கிற வேலையில் ஒரேயொரு வசதி உண்டு: பிணம் விழுந்த இடத்தைக் கழுவ வேண்டியது நம்முடைய பொறுப்பில்லை. மற்றபடி எல்லா வேலையையும்போல இதிலும் முதுகு வலிக்கும், கண் எரியும், மேலதிகாரி முகத்தைத் தூக்கிவைத்திருப்பார். மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பிழைக்கிற ஆசிரியர்கள், பிழை திருத்துகிறவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் யாராவது இதை வாசிக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

நான் வேலை செய்கிற இடம் மொன்றியலில் ஒரு இலக்கியப் பரிசுக்கான அலுவலகம். பெயரைச் சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் வேலை வேண்டும். பிரெஞ்சில் எழுதிய, இன்னும் அச்சில் வராத குற்றப் புதினங்களுக்கு அந்தப் பரிசு. நல்ல புதினமாக இருந்தால் மட்டும் போதாது, தொலைக்காட்சித் தொடராக எடுக்கத் தோதாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பெட்டி பெட்டியாக வரும். முதல் வாசகர்கள் மூன்று பேர் அவற்றைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி, ஆறைத் தெரிந்தெடுத்து நடுவர்களுக்கு அனுப்புவோம். கதையில் எழுதியவரின் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். பெயர் ஒட்டிய உறைக்குள், உறை அலுமாரிக்குள், அலுமாரி பூட்டோடு. வெல்கிறவரின் உறையை மட்டும்தான் திறப்பார்கள்.

இனி வருகிறவர்களில் பாதிப் பேர் பிரெஞ்சில்தான் பேசினார்கள். எனக்கு அது எங்கள் வீட்டுத் தமிழில்தான் கேட்டது. கேட்டபடியே எழுதுகிறேன்.

நாற்பதாம் பக்கம்

மன்னாரில் இருந்து வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. 'போன்ஜூர்' என்ற ஒரு சொல்லோடு வந்தவள். குடிவரவு வகுப்பில் இலக்கணம் படித்தேன். பேச்சைப் படித்தது நூலகத்தில் இருந்த பழைய துப்பறியும் கதைகளில். அந்தக் கதைகளில் ஆட்கள் சின்னச் சின்ன வசனமாகப் பேசுவார்கள். ஒரு கேள்வி கேட்பார்கள், ஒரு பதில் வரும். புதிதாக மொழி படிக்கிறவளுக்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் இல்லை. பிறகு பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளை பராமரிப்பு நிலையத்தில், பதினொரு வருடம் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்தேன். அது மூடப்பட்டபோதுதான் இந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

அலுவலகத்துக்குப் பொறுப்பானவர் மடம் லூசி; 'மடம்' என்பது பிரெஞ்சில் பெண்களை மரியாதையாக அழைக்கிற சொல். அறுபது வயது, குட்டைத் தலைமயிர், கழுத்தில் இரண்டு மூக்குக் கண்ணாடிகள். எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் பட்டக்காரர்கள். மடம் லூசி யாருடைய பட்டத்தையும் கேட்கவில்லை. ஒரு கதையின் முதல் நூறு பக்கங்களைத் தந்து பக்கத்து அறையில் போயிருந்து படிக்கச் சொன்னார். திரும்பி வந்ததும், "ஆர் கொலை செய்தது?" என்றார். "மச்சான்காரன்" என்றேன். "எத்தினையாம் பக்கத்தில பிடிச்சனீங்கள்?" "நாப்பதில." அவர் ஒரு கண்ணாடியைக் கழற்றி மற்றதைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான் அறுபத்திரண்டு வரைக்கும் போகவேண்டியிருந்தது. திங்கட்கிழமை வாங்கோ."

பனிக்குள் படுத்திருப்பவர்கள்

நீங்கள் நினைக்கிறதைவிட ஆட்களுக்குக் கற்பனை குறைவு. எங்களுக்கு வருகிற கதைகளில் பாதி ஒரே மாதிரித்தான் தொடங்கும். பங்குனி மாதம், பனி உருகுகிறது, நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற ஒருவர் வெள்ளைக்குள் ஒரு கையைக் காண்கிறார். கை எப்போதும் இளம் பெண்ணுடையது. விரலில் ஒரு மோதிரம். விசாரிக்க வருகிறவர் மனைவியைப் பிரிந்தவர், குடிகாரர், ஆனால் கெட்டிக்காரர். என்னுடைய இரண்டாவது வருடத்தில் நாய் கண்டுபிடித்த கைகள் மட்டும் ஒரு பெட்டி நிறைய இருந்தன.

என்னோடு கதைகளைப் படிக்கிற மற்ற இருவரில் ஒருவர் நோர்மோன். ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட். மூன்றாவது ஆள் ஒவ்வொரு வருடமும் மாறுகிற ஒரு பல்கலைக்கழக மாணவி. நோர்மோன் பெரிய உடம்போடு சின்னக் கதிரையில் இருந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு பிணத்துக்கும் பெருமூச்சு விடுவார். ஒருநாள் பெருமூச்சு அளவுக்கு மேல் நீண்டது. என்னவென்று கேட்டேன். பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பிணத்தின் தலைமயிர் பனியில் விசிறிபோல விரிந்திருந்தது, உதட்டில் புன்னகை.

"முப்பது வருசம் பொலிசில இருந்தனான், மடம். ஒருத்தரும் எனக்கு இவ்வளவு வடிவாச் செத்துக் கிடந்ததில்லை."

பூசை முடிந்த பிறகு

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மாதா கோயில் நிலக்கீழ் மண்டபத்தில் கோப்பியும் ரோல்சும் இருக்கும். அங்கே வேலையைப் பற்றிக் கேட்டால் நான் "கந்தோர் வேலை", ஏதோ அலுவலக வேலை, என்றுதான் சொல்வேன். என் தம்பி அன்ரன் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டான். அவன் கர்க்லாண்ட் என்ற புறநகரில் வீடு வாங்கி, பெண்சாதி பிள்ளைகளோடு இருக்கிறவன். சபையில் சத்தமாகக் கதைப்பான். "அக்காவுக்கு என்ன, காலமை எழும்பி ரெண்டு கொலை, மத்தியானம் ஒரு கடத்தல்" என்றான்.

எமில்டா அன்ரி கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். எங்கள் ஊர்க்காரி, பங்கில் எல்லாருக்கும் கலியாணம் பேசி முடித்தவர். என் விஷயத்தில் மட்டும் கைவிட்டவர். நான் நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு என்னைப் பார்த்தால் வேறு கதைக்குப் போய்விடுவார். அன்று போகவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து, கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிள்ளை, தனிய இருக்கிற வீட்டில அதுகளை வைச்சுப் படிக்கிறியே, ஒருத்தராவது ஒருத்தரை விரும்புற கதை அனுப்ப மாட்டினமோ?"

கடைசித் தரிப்பிடம்

அனுப்பினார்கள். நாலாவது வருடம், இலக்கம் முப்பத்தொன்று.

மாலை மெட்ரோவில் வைத்துத்தான் திறந்தேன். கதாநாயகன் ரெமி என்றொரு இன்ஸ்பெக்டர், ஓய்வுபெறக் கிட்ட இருக்கிறவர். மொன்றியலின் லாசால் பகுதியில், உடுப்புக் கழுவுகிற லோண்ட்ரி நடத்திய ஒரு பெண் கொலைசெய்யப்பட்டிருக்கிறாள். ரெமி அங்கே போகும்போது உடுப்புக் காயவைக்கிற ஒரு மெஷின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. செத்தவள் தன்னுடைய உடுப்புகளை அதற்குள் காயப் போட்டிருந்தாள், அதை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. ரெமி அதற்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அது தானாக நிற்கும்வரை இருக்கிறார். பிறகு உடுப்புகளை எடுத்து மடிக்கிறார். மடிக்கத் தெரியவில்லை. சூடு ஆறும்வரை அவற்றின்மேல் கையை வைத்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் காட்சி.

வாங்கோ, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என்னுடைய உடுப்புகளை இந்த நாட்டில் இருபத்தைந்து வருடமாக நான்தான் மடிக்கிறேன். தம்பிமாருடையதை மடித்தேன், தங்கச்சியுடையதை மடித்தேன், ஒவ்வொருவராகக் கலியாணம் கட்டிப் போகப் போக மடிக்கிற குவியல் சின்னதாகியது. அது ஒரு துக்கம் என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை. தலையை நிமிர்த்தியபோது பெட்டியில் நான் மட்டும் இருந்தேன். பார்க் ஸ்ரேசனில் இறங்க வேண்டியவள் சென் மிஷெல் வரைக்கும் போயிருக்கிறேன். ரயில் ஓட்டுகிற பெண் மற்ற முனைக்கு நடந்து போகிற வழியில் நின்றாள். என் மடியில் இருந்த கட்டைப் பார்த்தாள், என் கண்ணையும் பார்த்தாள்.

"மடம், பாதை இதோட முடிஞ்சுது. கதை இன்னும் முடியேல்லையோ?"

கமெராவுக்கு வேலையில்லை

முப்பத்தொன்றுக்கு நான் எழுதிய குறிப்பு ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. மூன்று பக்கம் போயிற்று. நோர்மோனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். லோண்ட்ரிக் காட்சிக்கு வந்ததும் அவர் மேசையில் தட்டினார். "சான்றுப் பொருளை வெறுங்கையால தொட்டுப்போட்டான், மடையன்!" என்றார். பென்சிலைக் காதில் இருந்து எடுத்தார், திரும்பச் செருகினார். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் தொட்டிருப்பன்" என்றார்.

ஆறில் ஒன்றாக அனுப்பினோம். நடுவர்களில் பெரும்பாலானவர்கள் தொலைக்காட்சிக்காரர்கள். அவர்கள் கூடிப் பேசிய பிறகு மடம் லூசி குறிப்பேட்டோடு வந்தார். கதையைப் பற்றி ஒருவரும் கெட்டது சொல்லவில்லையாம். ஒருவர் அழுததாகவும் கேள்வி. ஆனால் பரிசு ஒரு ஹெலிகொப்டர் துரத்தலுக்குப் போயிற்று. ஏன் என்று கேட்டேன். ஒரு தயாரிப்பாளர் சொன்னதை அவர் சொல்லுக்குச் சொல் வாசித்துக் காட்டினார்.

"மிகவும் அழகு. ஆனா அந்தாள் யோசிச்சுக்கொண்டிருக்கேக்க கமெரா என்னத்தைச் செய்யிறது?"

குடை

அடுத்த வருடம் புரட்டாதி வந்தது, பெட்டிகள் வந்தன. என் பங்குப் பெட்டியைப் பிரிக்க முன்னரே மற்றவர்களின் பெட்டிகளைக் கிளறினேன். முதல் பக்கத்தில் ரெமி என்ற பெயரைத் தேடினேன். முதல் கிழமை இல்லை. இரண்டாவது கிழமையும் இல்லை.

எனக்குக் காத்திருக்கத் தெரியும். அம்மாவின் விசாவுக்கு ஆறு வருடம் காத்திருந்தேன். இரண்டு தம்பிமாரின் ஸ்பொன்சர் கடிதத்துக்கு நாளுக்கு இரண்டு தரம் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தங்கச்சியின் பரீட்சை முடிவுக்கு அவளைவிட நான்தான் நித்திரை முழித்தேன். எல்லாம் வீட்டுக்கான காத்திருப்பு. எனக்கென்று, என்னுடைய சந்தோசத்துக்கென்று ஒன்றுக்குக் காத்திருந்தது அதுதான் முதல் தரம். நாற்பத்தெட்டு வயதில், ஒரு அட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்துகொண்டு.

மூன்றாவது கிழமை வந்தது. இலக்கம் எழுபத்திரண்டு. காணாமல்போன ஒரு ஆசிரியையை ரெமி தேடுகிறார். அவளுடைய வீட்டுத் தொலைபேசியில் செய்தி பதிவாகும். ஒவ்வொரு நாளும் மாலையில் ரெமி அதில் அன்றைய விசாரணையைச் சொல்லி வைக்கிறார். "இன்றைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. வெளியே மழை. நீங்கள் குடை எடுத்துக்கொண்டு போகவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்." இந்த இடத்தில் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போய் ஜன்னலில் நின்றேன். வெளியே மழைதான். என் குடை எங்கே இருக்கிறது என்று அந்த நகரத்தில் யாருக்காவது தெரியுமா என்று யோசித்தேன்.

அந்த வருடமும் பரிசு கிடைக்கவில்லை. நோர்மோன் என்னை ஆறுதல்படுத்த வந்து, பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"அந்த ரெமியைத் தேடி ஒரு பிடியாணை எழுதட்டோ, மடம்? எழுத எனக்கு இன்னும் கை மறக்கேல்லை."

அலுமாரிச் சாவி

இதை நான் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் மடம் லூசி சாப்பிடப் போகும்போது அலுமாரிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். அலுவலகத்தில் நான் மட்டும். எழுபத்திரண்டாம் இலக்க உறையை எடுத்தேன். சாதாரண வெள்ளை உறை. மேலே இலக்கத்தைத் தவிர எதுவும் இல்லை. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே மடித்த தாளின் நிழல் மட்டும் தெரிந்தது. எழுதியவர் மனைவியை இழந்தவர் என்று எனக்குள் முடிவே செய்திருந்தேன். சாம்பல் நிற ஓவர்கோட், நீண்ட விரல்கள், தனியாகச் சமைக்கிறவர். மூக்கில் வைத்து மணந்துகூடப் பார்த்தேன், சிரிக்காதேங்கோ. பசையின் மணம்தான் வந்தது.

கிழிக்கவில்லை. திரும்ப வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் மடம் லூசி, கையில் சூப் கிண்ணம். எவ்வளவு நேரமாக நிற்கிறார் தெரியாது. வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் சூப்பை மேசையில் வைத்தார், அலுமாரியைப் பூட்டினார், சாவியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார்.

"நான் ஒருக்கா ஒருத்தற்றை உறையைத் திறந்து பாத்தனான். அதுக்குப் பிறகு அவர் எழுதின ஒரு வரியையும் என்னால வாசிக்க ஏலாமப் போச்சு."

தட்டாத கதவு

ஆறாவது வருடம் ரெமி ஓய்வுபெற்றுவிட்டார். பழைய வழக்கொன்றின் கொலையாளி யார் என்று அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. அந்த ஆளின் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, கதவைத் தட்டாமல் இருக்கிறார். நாலு அத்தியாயம் தட்டாமல் இருக்கிறார். கொலையாளி அவருடைய சிநேகிதன்.

இந்தத் தரம் நான் குறிப்பை வேறு மாதிரி எழுதினேன். அழகு, ஆழம் என்ற சொற்களைத் தொடவில்லை. ஒவ்வொரு காட்சியிலும் கண்ணுக்கு என்ன தெரியும் என்று மட்டும் எழுதினேன். காரின் கண்ணாடியில் மூச்சு படிகிறது, கையால் துடைக்கிறார், கதவு தெரிகிறது, திரும்பவும் படிகிறது. ஆறில் ஒன்றாகப் போயிற்று. நடுவர்களுக்குள் இழுபறி. குறிப்பு எழுதியவளைக் கூப்பிடுங்கோ என்று நடுவர் குழுத் தலைவி சொல்லியிருக்கிறார். முதல் வாசகர்களை அந்த அறைக்குள் விடுகிற வழக்கமே இல்லை. உள்ளே போனேன். ஐந்து பேர். என் பிரெஞ்சின் உச்சரிப்பு எனக்கே பெரிதாகக் கேட்டது.

அதே தயாரிப்பாளர்தான் கேட்டார். "மூடிக் கிடக்கிற கதவை வைச்சு ஒருவரை எத்தினை கிழமை இருத்தலாம், மடம்?" எனக்கு அன்ரனின் மனைவி ஞாபகத்துக்கு வந்தாள். சொன்னேன்: "என்ரை தம்பியின்ரை வீட்டில ஒரு தமிழ்த் தொடர் ஓடுது. மாமியார் அறைக்குள்ள நிக்கிறா, மருமகள் வெளியில நிக்கிறாள். கதவு திறக்க மூண்டு கிழமை எடுத்தது. என்ரை மச்சாள் சோறு அடிப்பிடிக்க விட்டுட்டு இருந்து பாத்தவள். உள்ளுக்கு ஆர் எண்டு அவளுக்குத் தெரியும். பாக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சாத்தான் எழும்ப ஏலாது." பிறகு நான் நினைத்திராத ஒன்றையும் சொன்னேன். "ரெமி தட்டாம இருக்கிறது பயத்தில இல்லை. தட்டினா அந்தச் சிநேகிதம் முடிஞ்சுபோம். அதை இன்னும் கொஞ்ச நேரம் வைச்சிருக்க விரும்புறார். அப்பிடி ஒண்டை வைச்சிருக்க விரும்பாத ஆக்கள் இந்த அறைக்குள்ள இருக்கினமோ?"

தலைவி பேனாவை மூடினார்.

"சரி. இந்தக் கதவை எடுப்பம்."

உறைக்குள் இருந்தவர்

பெயர் மார்செல். எழுபத்தொரு வயது. பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், லாசாலில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறார். பரிசளிப்பு மாலையில் நான் என்னுடைய நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். சாம்பல் ஓவர்கோட்டைத் தேடினேன். வந்தவர் கட்டையான, கன்னம் சிவந்த மனிதர், இரவல் கோட். மேடையில் நன்றி சொல்ல "மெர்சி" என்றார், இரண்டாம் தரமும் "மெர்சி" என்றார், இறங்கிவிட்டார்.

மடம் லூசி என்னை அவரிடம் கூட்டிக்கொண்டுபோய், உங்கள் கதையை மூன்று வருடமாகத் தூக்கிப் பிடித்தது இவர்தான் என்றார். மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வசனம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை விட்டுவிட்டு "வாழ்த்துகள்" என்றேன். அவர் என் கையைக் குலுக்கினார், சீஸ் நல்லாயிருக்கு என்றார், காரை நிறுத்திய இடத்தில் எத்தனை மணி வரைக்கும் விடுவார்கள் என்று கேட்டார். அந்தக் குரலில் ரெமி இல்லை. கண்ணில் தேடினேன், அங்கேயும் இல்லை. எங்கேயோ இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் குலுக்கி முடிந்த பிறகும் அவர் என் கையை உடனே விடவில்லை.

அவருக்குப் பக்கத்தில் மனைவி நின்றார். மோனிக். மெலிந்த பெண், நீல உடுப்பு. மனைவி இருக்கிறார் என்பதே எனக்கு ஒரு அடி, மறைக்கவில்லை. மார்செல் சீஸ் எடுக்கப் போனதும் மோனிக் என்னைச் சுவர்ப் பக்கமாக அழைத்துக்கொண்டு போனார். கதைகளை அனுப்புகிறார் என்று தெரியும், ஆனால் ஒரு பக்கமும் காட்டியதில்லை என்றார். பரிசு கிடைத்த பிறகுதான் மூன்றையும் ஒன்றாகப் படித்திருக்கிறார். அந்தக் குடை விட்டுப்போன ஆசிரியை தான்தான் என்றார். கலியாணம் கட்டின புதிதில் ஒரு மழைநாளில் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனவராம். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது மார்செல் ஒன்றும் கேட்கவில்லையாம். நாற்பது வருடமாக ஒன்றும் கேட்கவில்லையாம்.

"அந்தப் பத்து நாளும் இவர் என்னைத் தேடினவரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது, மடம். எனக்குச் சொல்லாததை எல்லாம் இவர் உங்களுக்குத்தான் அனுப்பியிருக்கிறார்."

விதிப் புத்தகம்

வேலைக்காரர் யாரும் தங்கள் அலுவலகத்தின் விதிப் புத்தகத்தை முழுக்கப் படிப்பதில்லை. நானும் அப்படித்தான். அடுத்த வருடப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, பழக்கத்தில் ரெமியைத் தேடினேன். மார்செல் எப்படிப்பட்டவராக இருந்தால் என்ன, ரெமி எனக்கு வேண்டும். மடம் லூசி திறந்து பார்த்த உறையின் கதை எனக்கு நடக்கவில்லை. ஆளைப் பார்த்த பிறகும் அந்த வரிகள் எனக்கு அப்படியே இருந்தன, கூடுதலாகக்கூட இருந்தன. அதனால்தான் இன்னும் மோசம்.

மடம் லூசி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரில் இருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, கடைசிக்கு முதல் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். ஒருமுறை வென்றவர் திரும்பப் போட்டியிட முடியாது. நான் அந்த அறைக்குள் போய் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், ஒவ்வொரு புரட்டாதியும் ரெமி எனக்கு வந்துகொண்டிருந்திருப்பார்.

"உங்களுக்கு அண்டைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னா நீங்கள் அவ்வளவு நல்லாக் கதைச்சிருக்க மாட்டியள்."

கர்க்லாண்டில் முதல் பகுதி

தொடர் எடுத்து முடிக்க ஒன்றரை வருடம். முதல் பகுதி ஒரு ஞாயிறு மாலை. அன்ரன் தன்னுடைய பெரிய ரீவியில் பார்க்க என்னைக் கூப்பிட்டான். மச்சாள் வடை சுட்டாள். பிள்ளைகள் இரண்டும் பிரெஞ்சில் கூவிக்கொண்டு நிலத்தில் இருந்தார்கள்.

ரெமியாக நடித்தவர் வடிவானவர். தாடி, நீண்ட விரல்கள், சாம்பல் ஓவர்கோட்கூட இருந்தது. கார் நின்றது. கதவு தெரிந்தது. கையில் எடுத்த வடையைத் தட்டில் திரும்ப வைத்தேன். அடுத்த கணம் வயலின் தொடங்கியது. ரெமி தொலைபேசியை எடுத்து, தான் ஏன் தட்டவில்லை என்று யாரோ ஒரு பெண்ணுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார். சொன்னார், சொன்னார், விளம்பரம் வரும்வரை சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு ஆளைக் கூட்டிவர விமான நிலையத்துக்குப் போய், அதே பெயரில் வேறொருவர் வந்து இறங்கினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. அன்ரன் ஒரு வரி பிரெஞ்சுப் புத்தகமும் தொட்டவனில்லை. வடையைக் கடித்தபடி திரும்பினான்.

"அக்கா, இந்தாள் வாயை மூடிக்கொண்டு கதவைப் பாத்தாலே எங்களுக்கு விளங்கும், என்னத்துக்கு இவ்வளவு கதைக்கிறான்?"

லாசாலில் கோப்பி

போன வசந்தத்தில் மோனிக் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். கோப்பி குடிக்க வாங்கோ என்றார். நான் மெட்ரோ எடுத்து, பஸ் மாறிப் போனேன். மூன்றாம் மாடி. சமையலறை ஜன்னலுக்கு அங்கால் ஆறு வேகமாக ஓடியது. மார்செல் பல்கனியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பூந்தொட்டிக்கு மண் கிளறினார். எனக்குத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

மேசையில் ஒரு கட்டுத் தாள். மேல் தாளில், பாதியில், அந்தப் பெயர். ரெமி. என் கண் போன இடத்தை மோனிக் பார்த்தார். அவர் சொன்னது இது: இனி அனுப்ப இடமில்லை என்று தெரிந்த பிறகு மார்செல் இரண்டு மாதம் எழுதவில்லை. பிறகு ஒரு காலமை, மோனிக் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருக்கும்போது, அன்றைய நாலு பக்கத்தை அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பல்கனிக்குப் போயிருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வைக்கிறார். மோனிக் படிக்கிறார். படித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால், படித்தாயிற்று என்று மார்செலுக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை.

சந்தோசமாகத்தான் இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன், சந்தோசம்தான், ஆனால் நெஞ்சுக்குள் ஒரு இடம் காலியாகிக் காற்று வீசியது. நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஒரு பக்கம், மடம். ஒரேயொரு பக்கம் பாக்கட்டோ?" மோனிக்கின் கை தாளின்மேல் வந்து அமர்ந்தது. தள்ளிவைக்கவில்லை, மூடவில்லை, மேலே வைத்துக்கொண்டார். பல்கனியில் மண் கிளறுகிற சத்தம் நின்றது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மடம். நாப்பது வருசம் காத்திருந்தனான். முதல்ல நான் வாசிச்சு முடிக்கிறன்."

இந்த வேலையில் ஒன்பது வருடம் இருந்து ஆயிரம் கொலையாளிகளை நாற்பதாம் அறுபதாம் பக்கங்களில் பிடித்துக் கொடுத்த நான், என்னுடைய ஒரே சந்தோசத்துக்குப் பரிசும் வாங்கிக் கொடுத்து அதை அதன் சொந்த வீட்டுக்கு வழியனுப்பிவைத்தவள் நான்தான் என்பதை மட்டும் கடைசிப் பக்கம்வரை கண்டுபிடிக்கவில்லை.